வேனில் அறியா ஊரில் வீட்டுப் பலகாரம்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து வாழ்ந்தவர்கள் தமிழர்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறனுக்கும் இவ்விரண்டு திங்களை உரிமையாக்கினர். முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என நிலத்தோடு பொழுதினைத் தொல்காப்பியம் பொருத்திக் காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளியில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு இயற்கையே துணையாசிரியராக நிற்கும். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே சான்று பகரும். சிங்கப்பூரின் வடபுறத்தில், ஈசூன் வட்டாரத்துப் பள்ளியொன்றில் அதே பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு அத்துணை கிடைப்பதில்லை. அங்குள்ள மாணவன் 'கோடை' என்னும் சொல்லை அறிவான், கோடையை அறியான்.

ஆயினும் கோடையின் எளிய இன்பங்கள் என மக்கள் போற்றுவன யாவும் அவ்வூரில் உண்டு. விடுமுறை உண்டு, நீர்நிலை ஓரத்து மாலையுலா உண்டு, வெயிலில் உலரும் வடகம் உண்டு, வீட்டடுப்பில் சுட்டெடுத்த பலகாரத்தின் மணம் உண்டு. பருவம் தராத இன்பங்களை மக்கள் தாமே அமைத்துக்கொண்ட வரலாறு அது. அவ்வரலாறு அரசாங்க ஆவணங்களில் முழுமையாக இடம்பெறவில்லை. அதன் பெரும்பகுதி சமையலறைகளில் உள்ளது. அதனை ஆராய்வது ஈசூனின் வரலாற்றையே ஆராய்வதாகும்.

வானத்தின் இயல்பு

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று மிகுதியான தொலைவில் அமைந்தது சிங்கப்பூர். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணித்துளிகளே வேறுபாடு. திங்கள்தோறும் கணக்கிடப்படும் சராசரி வெப்பமும் இரண்டு பாகை அளவிலேயே ஏறி இறங்கும். எனவே வெப்பத்தைக் கொண்டு அங்கே பருவம் பிரிக்க இயலாது. காற்றையும் மழையையும் கொண்டே பிரிக்க இயலும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டிற்கும் இடையே காற்று மெலிந்து, பிற்பகலில் இடியும் மின்னலும் மிகும் இடைப்பருவங்கள். ஆண்டில் ஏறத்தாழ 170 நாள்கள் மழை நாள்களாகவும், மழையளவு 2,100 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதாகவும் அமைகின்றன.

இக்கணக்கு சீரானதாகத் தோன்றினும் வானம் சீரானதன்று. 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது. அவ்வளவு மழை பெய்யும் தீவில் குடிநீருக்கு வீடுகள் முறை காத்திருந்தன. 1978 டிசம்பர் 2ஆம் நாளிலோ ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஊரே வெள்ளக்காடாயிற்று. 1983 ஏப்ரல் 17ஆம் நாள் தெங்கா பகுதியில் வெப்பம் 37 பாகையைத் தொட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023 மே 13ஆம் நாள் அங் மோ கியோவில் அதே அளவு மீண்டும் பதிவாயிற்று. 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை தொடர்ந்து 27 நாள்கள் வறட்சி நிலவியது. நம்பத் தகாத வானம் என்று முதியோர் கூறுவது வெற்றுரையன்று என்பதை இவ்வெண்களே காட்டும்.

ஈசூன் மக்களின் வாழ்வைப் பெரிதும் தொட்ட மற்றொரு காற்றும் உண்டு. 'சுமத்ரா' என்றே அதற்குப் பெயர். சுமத்ராத் தீவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்னரோ முற்பகலிலோ சிங்கப்பூரைத் தாக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது நிகழக்கூடும். ஓரிரு மணி நேரம் சூறையும் மழையுமாக ஆர்ப்பரித்துப் பின் அடங்கிவிடும். இக்காற்று வரும் வேளை எது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு தலைமுறையின் கூலியை அது முடிவு செய்தது.

அன்னாசியால் பெயர்பெற்ற நிலம்

ஈசூன் என்பது ஒரு மனிதரின் பெயர். 1879இல் சிங்கப்பூரில் பிறந்து, 1936இல் ஷங்ஹாய் நகரில் மறைந்த லிம் நீ சூன் என்னும் தியோச்சூ வணிகர், சிலேத்தார், மண்டாய், செம்பவாங் பகுதிகளில் ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 'அன்னாசி அரசர்' என்றே அவர் அழைக்கப்பட்டார். சீனக் குடியரசின் தந்தையான சுன் யாட் சென்னின் நெருங்கிய ஆதரவாளராகவும் விளங்கினார். அவர் பெயரால் வழங்கிய நீ சூன் கிராமமே பிற்காலத்தில், பெயர்கள் மாண்டரின் ஒலிப்பிற்கு மாற்றப்பட்டபோது, ஈசூன் ஆயிற்று. அவருடைய மகன் சொங் பாங்கின் பெயரும் அவ்வட்டாரத்தில் நிலைத்துள்ளது. தந்தை பெயரில் நகரும் மகன் பெயரில் அதன் ஒரு பகுதியும் வழங்குவது அரிய பொருத்தமாகும்.

ரப்பரோடு அன்னாசியைச் சேர்த்துப் பயிரிட்டமைக்குக் காரணம் உண்டு. ரப்பர்க் கன்று 1877இல் சிங்கப்பூருக்கு வந்தது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் பணியாற்றிய ரிட்லி வகுத்தளித்தார். ஆயினும் நட்ட கன்று பால் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை முதலீட்டைத் தாங்கும் வருவாய் வேண்டும். அன்னாசியோ ஒன்றரை ஆண்டில் காய்க்கும். ஆகவே, இளம் ரப்பர் வரிசைகளுக்கு இடையே அன்னாசி நடப்பட்டது. மரம் வளர்ந்து நிழல் படர்ந்ததும் அன்னாசி விடைபெற்றது. விளைந்த கனிகள் ஆலைகளில் தகரக் குப்பிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேறின. 1930களில் தகரக் குப்பி அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த நிலையில் மலாயா நின்றது.

அன்னாசி என்னும் சொல்லின் பயணமும் மாணவர் அறியத்தக்கது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் எடுத்து வழங்கிய 'அனனாஸ்' என்னும் சொல், தமிழில் அன்னாசி ஆயிற்று. மலாயில் 'நானாஸ்' ஆயிற்று. ஈசூன் அடுக்குமாடியில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் தமிழ்ப் பாட்டியும் மலாய்ப் பாட்டியும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகளையே பேசுகின்றனர்.

தோட்டமும் கடற்படைத் தளமும்

ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் கங்காணிகள் வழியே ஆள் சேர்ப்பு நீடித்தது. உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. பால் வெட்டும் தொழில் விடியலுக்கு முன் தொடங்குவது. குளிர்ந்த வேளையில்தான் மரம் தாராளமாகப் பால் சுரக்கும். மழையால் பட்டை நனைந்துவிட்டால் வெட்டிய பால் பட்டையில் வழிந்து பாழாகும். எனவே விடியற் சுமத்ரா வீசிய நாளில் வேலையில்லை. வேலையில்லாத நாளில் கூலியும் குறையும். நகரத்தார்க்கு மழை ஓர் இடையூறு. தோட்டத்தார்க்கோ அது கணக்கேட்டில் விழும் வெட்டு. அவர்கள் வானத்தைப் பார்த்தது அழகை நோக்கியன்று.

வட்டாரத்தின் இரண்டாவது பெரிய வேலையிடம் செம்பவாங்கில் எழுந்தது. 1923இல் முடிவு செய்யப்பட்டு, 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளம், தமிழரும் மலையாளிகளுமாகப் பல்லாயிரவரை ஈர்த்தது. அவர்களுக்கெனக் குடியிருப்புகள் அமைந்தன. கடைகளும் வழிபாட்டிடங்களும் தோன்றின. கென்பரா சாலையருகே மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடு பின்னர்ப் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக வளர்ந்து, 1996இல் ஈசூன் தொழிற்பேட்டைப் பகுதியில் குடமுழுக்குக் கண்டது. அங்கே 1960களிலிருந்து பங்குனி உத்திரம் கொண்டாடப்படுகிறது. இடைப்பருவ வெயில் காயும் வேளையில் வரும் இவ்விழாவில் காவடி சுமப்போர்க்கும் உடன் நடப்போர்க்கும் நீரும் மோரும் வழங்குதல் தண்ணீர்ப் பந்தல் மரபின் தொடர்ச்சியே எனலாம். வேனிலுக்கும் ஈசூனுக்கும் தமிழ் வழியே அமைந்த உறவு அது.

பொருள் குறைந்த அவ்வாழ்வில் இன்பங்களும் பொருள் வேண்டாதனவாகவே இருந்தன. கம்பாஸ் அவென்யூ அருகே 1909இல் கண்டறியப்பட்ட வெந்நீர் ஊற்று அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 70 பாகை வெப்பத்தில் பொங்கும் அந்நீரை 1920களில் ஒரு நிறுவனம் குப்பிகளில் அடைத்து விற்றது. ஆயினும் சுற்றுவட்டார மக்கள் அதனைக் கால் நனைக்கவும், நோவு போக்கவும், முட்டை அவிக்கவும் பயன்கொண்டனர். நிலமே அடுப்பான இடம் அது. 2020 ஜனவரி 4ஆம் நாள் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவாக அது புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. பேரப்பிள்ளைகளோடு முட்டை கொண்டு செல்லும் முதியோரை இன்றும் அங்குக் காணலாம்.

சுடுதல் என்னும் கலை

தமிழர் சமையல் அவித்தல், பொரித்தல், வேகவைத்தல், வறுத்தல் ஆகியவற்றில் தேர்ந்தது. தோசையும் அப்பமும் கல்லில் சுடப்படுவன. மேலும் கீழும் வெப்பம் சூழ அடைத்துச் சுடும் முறை தமிழில்லத்தில் பழக்கமானதன்று. அதனால்தான் அம்முறைப் பண்டங்களின் பெயர்களும் வேற்றுமொழிகளிலிருந்து வந்தன. பிஸ்கோத்து போர்த்துக்கீசிய வழியில் வந்தது. இலங்கைத் தமிழர் வழங்கும் 'பாண்' என்பதும் அவ்வாறே. கேக்கும் தார்ட்டும் ஆங்கில வழியில் வந்தன. ரொட்டி வடஇந்திய மொழிகள் வழியே தமிழிலும் மலாயிலும் நிலைத்தது.

சிங்கப்பூரில் ரொட்டியைச் சுடுவதில் ஹைனான் சீனர்கள் முன்னின்றனர். அதனை மிதிவண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்று விற்றவர்களோ பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். பின்னிருக்கையில் அடுக்கிய பெட்டியும், மணியோசையும், வீட்டு வாயிலில் ரொட்டியை வெட்டிக் காயாவோ வெண்ணெயோ தடவித் தரும் கைவிரைவும் ரொட்டிக்காரரின் அடையாளங்கள். அடுப்பு வேறொருவர் வீட்டில் இருந்த காலம் அது. தமிழ்ப் பெண்டிர்க்கு அதன் மணம் மட்டுமே அறிமுகம்.

ஜப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரையான ஆண்டுகளில் அந்த மணமும் அற்றது. அரிசி பங்கீட்டிற்கு உட்பட்டது. கோதுமை மாவு கிடைப்பது அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கு சோறாயிற்று. அதன் மாவே ரொட்டியும் ஆயிற்று. நீ சூன் முகாமில் இந்தியப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டதும், இந்தியத் தேசிய இராணுவத்திற்கு அங்கிருந்து வீரர் சேர்ந்ததும் அக்காலத்தனவே. பசியை அறிந்த தலைமுறையினர் பிற்காலத்தில் மாவும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைத்தபோதும் ஒரு பிடியையும் வீணாக்காததன் காரணம் இங்கிருந்து தொடங்குகிறது.

போருக்குப் பின் கிராமத்து வீடுகளில் சுடும் கலை மெல்லப் புகுந்தது. தனியான சுடுபெட்டி இல்லாத வீடுகள் வேறு வழி கண்டன. இருப்புச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து மூடி, மூடியின்மேல் கரிநெருப்பு இட்டால் மேலும் கீழும் வெப்பம் சூழும். மலாய்ப் பெண்கள் பகுலு சுட்ட முறையும் பித்தளை அச்சுக்கு மேலும் கீழும் நெருப்பிடுவதே. அயல்வீட்டு அடுப்பைப் பார்த்துப் பார்த்தே கைப்பழக்கம் வந்தது. யுரேசியர் வீடுகளில் ரவையும் பாதாமும் நெய்ப்பசையும் சேர்த்துச் சுடும் 'சுஜி கேக்' தமிழர்க்கு அயலாகத் தோன்றவில்லை. அதன் உயிரான ரவை தமிழில்லத்துச் சரக்கே. ரவையும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து வாயிலிட்டதும் கரையும் சுஜி பிஸ்கட், முறுக்கோடும் அதிரசத்தோடும் தீபாவளித் தட்டில் சம உரிமை பெற்றது.

அன்னாசித் தார்ட்டின் வரவே இவ்வரலாற்றில் தனிச்சிறப்புடையது. வெண்ணெய் மிகுந்த மாவின்மேல் அன்னாசிப் பாகு அமர, அதன் உச்சியில் சில வீடுகளில் ஒரு கிராம்பு குத்தப்படும். அதன் மாவு ஐரோப்பிய மரபு; கனி தென்னமெரிக்கக் கொடை; கிராம்பு மலுக்குத் தீவுகளின் செல்வம்; செய்கை பெரனாக்கான், யுரேசிய இல்லங்களில் வளர்ந்தது. ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயர் 'நற்பேறு வருக' என்னும் பொருள்பட ஒலிப்பதால் சீனப் புத்தாண்டிற்கு அது இன்றியமையாததாயிற்று. நோன்புப் பெருநாளுக்கு மலாய் வீடுகளும், தீபாவளிக்குத் தமிழ் வீடுகளும் அதனைத் தமதாக்கிக்கொண்டன. ஒருகாலத்தில் அன்னாசி விளைந்த ஈசூன் மண்மீது எழுந்த அடுக்குமாடிகளில் இன்று அன்னாசித் தார்ட் சுடப்படுகிறது. தோட்டம் மறைந்தது, கனி மட்டும் வேறிடத்தில் விளைந்து, பழைய ஊருக்கு விருந்தாக வருகிறது.

அடுக்குமாடியும் அடுத்த வீடும்

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளை விலக்கப்போவதாக அறிவித்தது. கடற்படைக் கப்பல் பழுதுபார்ப்புத் துறை அவ்வாண்டே சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971இல் படைவிலக்கம் நிறைவெய்தியது. வேலையை நம்பி நின்ற குடும்பங்களுக்கு அது அச்சம் நிறைந்த காலம். சிலர் ஊர் திரும்பினர். சிலர் புதிய கப்பல் பட்டறையில் வேலை பெற்றுத் தங்கினர். தங்கியோரின் பிள்ளைகளே பின்னர் ஈசூன் புதுநகரின் குடிகளாயினர்.

1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களின் பிற்பகுதியில் ஈசூன் புதுநகர்ப் பணியைத் தொடங்கியது. 1980களில் மக்கள் திரளாகக் குடியேறினர். 1986இல் சிலேத்தார் ஆற்றின் கழிமுகத்தில் அணை எழுந்து நீர்த்தேக்கம் உருவாயிற்று. 1988இல் பெருவிரைவு ரயில் ஈசூனை எட்டியது. முன்னாளில் தேக்காவிற்குச் சென்று நெய்யும் ரவையும் ஏலக்காயும் வாங்கி வருதல் ஒருநாட் செயலாக இருந்தது. ரயில் வந்தபின் அது அரைநாட் செயலாயிற்று. கிராமத்தை விட்டு வந்தோர் முற்றத்தை இழந்தனர்; விறகடுப்பை இழந்தனர்; கோழியையும் வாழையையும் இழந்தனர். ஈடாகக் குழாய்நீரும் மின்சாரமும் பெற்றனர். மின்சாரத்தோடு மின்சுடுபெட்டியும் வந்தது. மணலும் கரியும் நீங்கின; வெப்பத்தை எண்ணால் குறிக்கும் திருகு வந்தது. கைமணத்தால் அறிந்த பக்குவத்தை எண்ணால் அறிய வேண்டிய மாற்றம் எளிதன்று. முதற்சில தட்டுகள் கருகாத வீடு அரிது.

1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வோர் அடுக்குமாடியிலும் எல்லா இனத்தாரும் கலந்து வாழ வகைசெய்தது. சட்டம் அண்டை வீட்டாரை அமைத்துத் தரும். உறவை அமைத்துத் தராது. உறவை அமைத்தது தட்டுப் பரிமாற்றம். தீபாவளிக்கு முறுக்கு நிறைந்து சென்ற தட்டு வெறுமையாகத் திரும்புதல் மரபன்று. அது நோன்புப் பெருநாளில் குவே நிறைந்து திரும்பும். சீனப் புத்தாண்டில் தார்ட் நிறைந்து திரும்பும். எந்த வீட்டார் பன்றி உண்ணார், எந்த வீட்டார் மாடு உண்ணார், எந்த வீட்டார் முட்டையும் சேர்க்கார் என்பதைச் சுடும் கை நினைவில் வைத்திருந்தது. தனித்தட்டு, தனி நெய், முட்டை சேராத மாவு என அமைந்த அந்நினைவே நல்லிணக்கத்தின் நாள்தோறுமான வடிவம்.

விடுமுறை என்னும் வேனில்

மேலைநாடுகளில் வேனில் விடுமுறை எனப்படுவதற்கு ஈடாகச் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அமைந்தது ஆண்டு நடுவில் ஜூன் மாத விடுமுறை. ஆனால் ஜூன் சுமத்ராக் காற்றின் காலமும் ஆகும். விடியலில் இடி முழங்கினால் கடற்கரைச் செலவு கைவிடப்படும். மழைநாளில் பிள்ளைகளை மகிழ்விக்கத் தாய்மார் கண்ட வழி சமையலறை. சர்க்கரையும் வெண்ணெயும் குழைத்தல், அச்சில் மாவை அழுத்துதல், வெந்த பிஸ்கட்டுகளை எண்ணுதல் ஆகியன பிள்ளைகள் பங்கு. மழை ஓய்ந்த மாலையில் அவற்றையே பொட்டலமாக்கி நீர்த்தேக்கக் கரைக்கோ, பழைய ரப்பர்த் தோட்ட நிலத்தில் அமைந்த ஈசூன் பூங்காவிற்கோ சென்று உண்பதுண்டு. பெருஞ்செலவில்லாத இவ்வின்பத்திற்கு மழை தடையன்று. மழையே அதனைத் தோற்றுவித்தது.

ஈரம் மிகுந்த காற்றில் பலகாரம் செய்தல் தனித்திறன். விடியலில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறையும் கடக்கும். மழையற்ற பிற்பகலில் அறுபது அளவிற்கு இறங்கும். ஈரமான காற்றில் திறந்து வைத்த முறுக்கு நமுத்துப்போகும், சர்க்கரை கட்டியாகும், வெண்ணெய் மாவு கையிலேயே உருகும். எனவே பாகை வெயிலுள்ள பிற்பகலில் காய்ச்சுதல், மாவைக் குளிர்பெட்டியில் இறுக்குதல், சுட்டவற்றை நன்கு ஆறவிட்டே தகரத்தில் அடைத்தல், மூடியின் விளிம்பை நாடாவால் ஒட்டுதல் ஆகிய நெறிகள் தோன்றின. ஆறுமுன் அடைத்தால் உள்ளே ஆவி நீராகி முழுத் தகரமும் பாழாகும். ஏட்டில் எழுதப்படாத இந்நெறிகள், வானிலை அறிவியலைச் சமையலறை மொழியில் கூறுவன.

வடகம் உலர்த்துதலும் இத்தகையதே. தமிழ்நாட்டில் அக்கினி நட்சத்திர வெயிலை நம்பிக் கூழ் ஊற்றுவர். ஈசூனில் அத்தகைய உறுதி இல்லை. ஆண்டில் மழை குறைந்த பிப்ரவரியை ஒட்டி, தொடர்ந்து மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்து, சன்னலோரத்திலும் தாழ்வாரத்திலும் தட்டுகளைப் பரப்புவர். மேகம் கறுத்தால் முதலில் துணியை எடுப்பதா வடகத்தை எடுப்பதா என்னும் பதற்றம் ஒவ்வொரு வீட்டிற்கும் உண்டு. தீபாவளியோ ஐப்பசித் திங்களில், பிற்பகல் இடிமழை மிகும் இடைப்பருவத்தில் வருவது. தமிழ்மரபின்படி அது கூதிர்ப்பொழுது. ஈரத்தில் சிங்கப்பூரும் தமிழ்நாடும் ஒத்துப்போகும் பொழுது அது ஒன்றே.

வாயில்கள் அடைத்த ஆண்டு

இவ்வில்லக்கலையின் வலிமை வெளிப்பட்ட ஆண்டு 2020. கொவிட்-19 நோய்ப்பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகள் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பில் இருந்தன. ஜூன் விடுமுறை முன்னகர்த்தப்பட்டு, மே 5 முதல் ஜூன் 1 வரை என அமைந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை இருந்தது, செல்லுமிடம் இல்லை. வானம் தெளிந்திருந்தும் கதவு அடைத்திருந்தது. வீடுதோறும் சுடுபெட்டிகள் எரிந்தன. கடைகளில் மாவும் ஈஸ்ட்டும் தட்டுப்பட்டன. நோன்புப் பெருநாளும் அத்திங்களிலேயே வந்தது; வீடு தேடிச் செல்லும் வழக்கம் தடைப்பட்டது.

வேறொரு நெருக்கடியும் இருந்தது. வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்று வாழ்க்கையை ஓட்டிய பெண்கள் பலர். நடவடிக்கைகளின் ஒரு கட்டத்தில் அவ்வில்லத்தொழில் நிறுத்தப்பட்டு, மே 12 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பெருநாள் வணிகத்தை நம்பி முன்னரே வெண்ணெயும் மாவும் வாங்கிக் குவித்தோர்க்கு அவ்விடைவெளி சிறிதன்று. விடியற் சுமத்ராவால் கூலி இழந்த பாட்டியின் கவலையும், தடையால் வருவாய் இழந்த பேத்தியின் கவலையும் ஒரே தன்மையன. வீட்டுப் பலகாரம் பொழுதுபோக்கு மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு அது பொருளாதாரம் என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

முடிவாக

ஈசூனின் வரலாற்றை அதன் முதலாளிகளையும் தளங்களையும் கட்டடங்களையும் கொண்டு எழுதுதல் எளிது. அவற்றிற்கு ஆண்டுகள் உண்டு, கல்வெட்டுகள் உண்டு. மணற்சட்டியில் கேக் சுட்ட பெண்ணுக்கு அவை இல்லை. அவள் அளவு 'ஒரு குவளை', 'ஒரு கை', 'மணம் வரும்வரை' என்பன. அச்சொற்களை எழுதிவைக்கும் கை இல்லையேல், தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த ஒரு சமூகத்தின் அறிவு ஒரு தலைமுறையில் அவிந்துபோகும். செய்முறை அழிந்தால் அதனோடு அண்டை வீட்டார் பெயர்களும், பங்கீட்டுக் காலப் பசியும், கடற்படைத் தளத்து ஊதிய நாளும் சேர்ந்தே அழியும்.

தமிழாசிரியர்க்கு இதில் பணி உண்டு. பெரும்பொழுது ஆறனைக் கற்பிக்கும்போதே, மாணவர் தம் வீட்டு முதியோரிடம் எத்திங்களில் எப்பலகாரம், எவ்வானிலையில் எம்முறை எனக் கேட்டு எழுதச் செய்யலாம். அவ்வாறு எழுதப்படும் ஏடுகளில் ஈசூனுக்குரிய பருவ அட்டவணை ஒன்று உருவாகும். வடகப் பருவம், மோர்ப் பருவம், சுமத்ராப் பருவம், முறுக்குப் பருவம் என அது அமையக்கூடும். முன்னோர் தம் நிலத்தை உற்றுநோக்கியே பொழுதுகளுக்குப் பெயரிட்டனர். தாம் வாழும் நிலத்தை அவ்வாறே உற்றுநோக்கிப் பெயரிடுவது அம்மரபைப் பின்பற்றுவதே ஆகும்.